விலை சின்னது, ஓட்டம் பெரிசு!

ஞாயிற்றுக்கிழமை. பனி இன்னும் விலகவில்லை. கொல்லிமலை அடிவாரம், காரவள்ளி. டீக்கடைக்கு எதிரே வரிசையாக நான்கு கார்கள். எதுவும் புதுசு இல்லை. பானட்டில் பெயின்ட் வெளுத்துப்போன ஒரு ஃபோர்டு ஐகான். 2006 மாடல் சிவப்பு ஸ்விஃப்ட். பின் பம்பரில் பழைய கீறலோடு ஃபியட் பாலியோ. கடைசியாக ஒரு போலோ. வந்தவர்களில் ஒருவர் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் பார்க்கிறார். இன்னொருவர் டயரில் காற்று பார்க்கிறார். டீ முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன.

மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் இழுத்து, வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, மறுபடி இழுக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் முள் 50-ஐத் தாண்டுவதே அபூர்வம். செம்மேட்டில் இறங்கும்போது இவர்கள் பேச்சு முழுக்க எந்த வளைவில் வண்டி எப்படித் திரும்பியது என்பதுதான். பக்கத்தில், 20 லட்ச ரூபாய் ஆட்டோமேட்டிக் எஸ்.யு.வி.யிலிருந்து இறங்கிய குடும்பம் எலுமிச்சம்பழம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறது.

அந்த நான்கில் சிலவற்றை ஒரு புது புல்லட்டின் ஆன்-ரோடு விலைக்குள் வாங்கிவிடலாம். ஓட்டுவதற்கு ஆசையைத் தூண்டும் கார்கள் ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன? வாங்கிய பிறகு என்ன ஆகிறது? இரண்டாவது கேள்விக்குத்தான் இங்கே அதிக இடம்.

மைலேஜ் சந்தையின் அனாதைகள்

நம் ஊரில் கார் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு கொடுக்கும்?” இரண்டாவது, “வித்தா போகுமா?” ஸ்டீயரிங் எப்படி இருக்கும், கியர் எப்படி விழும் என்று கேட்பவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். கம்பெனிகளுக்கும் இது தெரியும். 2000-ல் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக் 106 குதிரைத்திறன் தந்தது. அந்தக் காலத்துக்கு அது ராஜ நடை. 2003-ல் வந்த அடுத்த சிட்டியில் அதே 1.5 லிட்டர் அளவுள்ள வேறு என்ஜினிலிருந்து 77 குதிரைத்திறன்தான் கிடைத்தது. மைலேஜ் கூடியது, விற்பனையும் நன்றாகவே போனது. ரசிகர்கள் மட்டும் பழைய விடெக்கைத் தேடி அலைந்தார்கள். இன்றும் அலைகிறார்கள்.

பாலியோ கதையும் இதே. 2001-ல் சச்சின் டெண்டுல்கர் விளம்பரத்தோடு அமர்க்களமாக வந்தது. அதன் 1.6 என்ஜினுக்கு 100 குதிரைத்திறன். கெட்டியான உடம்பு, ரோட்டை விடாத சஸ்பென்ஷன். ஆனால் பெட்ரோலை மொடாக்குடியாகக் குடித்தது. “ஃபியட்டா? சர்வீஸ் கிடைக்காது” என்ற ஒரே வாக்கியம் அதன் மறுவிற்பனை விலையை அடித்து நொறுக்கியது. முதல் உரிமையாளருக்கு அது நஷ்டம். மூன்றாவது உரிமையாளருக்கு அதே நஷ்டம்தான் லாபம்.

ஆக, இந்த வண்டிகளின் விலையை இறக்கியது பெரும்பாலும் அவற்றின் கோளாறு இல்லை, சந்தையின் ரசனை. இதைப் புரிந்துகொண்டவர் கையில் இரண்டு மூன்று லட்சம் இருந்தால் போதும், எட்டு லட்ச ரூபாய் புதுக்காரில் கிடைக்காத சுகம் கிடைக்கும். காரணம் எளிமையானது. அன்றைய கார்கள் எடை குறைந்தவை. 1993-ல் வந்த மாருதி ஜென் முக்கால் டன்னை ஒட்டிய எடைதான்; 50 குதிரைத்திறனே அதற்குத் தாராளம். ஐகான், பாலியோ போன்றவற்றில் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். டயர் எந்தப் பரப்பில் உருள்கிறது என்பது உள்ளங்கைக்குத் தெரியும். இப்போதைய எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் பார்க்கிங் சுலபம், சேதி மட்டும் வருவதில்லை.

பெட்டிச் செய்தி: ரசிகர்கள் தேடும் வண்டிகள்

*ஃபோர்டு ஐகான் 1.6:* 1999-ல் மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்த ‘ஜோஷ் மெஷின்’. இழுவைக்குப் பேர்போனது. துருவை மட்டும் கவனிக்க வேண்டும்.

*மாருதி ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல்:* 2005 மே மாதம் அறிமுகம், 87 குதிரைத்திறன். 2010-ல் 1.2 என்ஜினுக்கு மாறியது. பழைய 1.3-க்குத் தனிக் கிராக்கி.

*ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல்:* 2015-க்குப் பிந்தைய மாடல், 100 குதிரைத்திறன். பெங்களூரு நெடுஞ்சாலையில் பெரிய கார்களுக்கே வேர்க்க வைக்கும்.

*ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.:* 2013 அறிமுகம், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். ஆசைக்கு ஆசை, ஆபத்துக்கு ஆபத்து.

*அபார்த் புன்டோ:* 2015-ல் பத்து லட்சத்துக்குள் 145 குதிரைத்திறன் கொடுத்தது. விற்றது குறைவு, கிடைப்பது அபூர்வம்.

*மிட்சுபிஷி செடியா:* 2006-ல் திருவள்ளூர் ஆலையிலிருந்து வந்த 2 லிட்டர் செடான். ராலிக்காரர்களின் செல்லப்பிள்ளை.

விலை ஒன்று, செலவு இரண்டு

பழைய கார் வாங்குகிறவர்கள் சறுக்குவது விலையில் இல்லை, அதற்கடுத்த ஆறு மாதத்தில். கையிருப்பு இரண்டரை லட்சம் என்றால் இரண்டரை லட்சத்துக்கே வண்டி பார்க்கிறார்கள். அடுத்த மாதம் கிளட்ச் நழுவினால் கையைப் பிசைகிறார்கள். இரண்டரை லட்சம் இருந்தால் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு வண்டி தேடுங்கள். மீதியைத் தொடாதீர்கள். அது வண்டியின் பணம்.

அந்தப் பணம் எங்கே போகும்? முதலில் டயர். 14, 15 அங்குல டயர் நான்கு மாற்ற இருபதாயிரம் ரூபாயைச் சுற்றி ஆகும். “டயர் 70 பர்சன்ட் இருக்கு சார்” என்பார் புரோக்கர். பட்டன் இருக்கலாம், வயது? டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஆறேழு வருடம் தாண்டிய ரப்பர் இறுகிவிடும். மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். ஓட்டுவதில் சுகம் தேடுகிறவர் முதல் செலவைச் செய்ய வேண்டியது டயரில்தான். அலாய் வீலிலும் மியூசிக் சிஸ்டத்திலும் இல்லை.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத ரப்பர்கள். லோயர் ஆர்ம் புஷ், என்ஜின் மவுன்ட், ஸ்டெபிலைஸர் லிங்க். தனித்தனியாகப் பார்த்தால் சில நூறு, சில ஆயிரம் ரூபாய் சாமான்கள். இவை தேய்ந்தால் எவ்வளவு நல்ல காரும் பழைய டவுன் பஸ்போலக் கடகடக்கும். பலரும் “வண்டி வயசாயிடுச்சு” என்று விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் புஷ்களையும் ஷாக் அப்சர்பரையும் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்து எடுத்தால் அதே வண்டி பழைய நடைக்குத் திரும்பிவிடுகிறது. செகண்ட் ஹேண்ட் உலகில் இதைவிட லாபமான வேலை கிடையாது.

மூன்றாவது, டைமிங் பெல்ட். ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல், பாலியோ 1.6 ஆகியவற்றில் செயின் இல்லை, பெல்ட். ஐகான் 1.6-ல் செயின். பெல்ட் வண்டிகளில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பல என்ஜின்களில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து ஹெட்டையே கழற்ற வேண்டி வரும். சில ஆயிரத்தில் முடிகிற வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும். கூலன்ட்டும் அப்படித்தான். சென்னை வெயிலில் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகள் ஏராளம். உள்ளே துருவும் உப்பும் படிந்து, ஒருநாள் திண்டிவனம் டோலில் ஆவி பறக்க நிற்கும். வாங்கியதும் என்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றி, அந்தத் தேதியிலிருந்து புதுக்கணக்கு எழுதுவது புத்திசாலித்தனம்.

போலோ ஜி.டி.யின் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடும்போது வெண்ணெய். ஆனால் அதன் மெக்கட்ரானிக் யூனிட் கோளாறு உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒன்று. முழுதாக மாற்றினால் செலவு லட்சத்தைத் தாண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இதைத் தொடுகிறவர், ஏன் மலிவு என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கம்பெனி போயிடுச்சே, சாமான் கிடைக்குமா?

2021 செப்டம்பரில் ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் மறைமலைநகரில் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஃபியட் தன் கார்களை நிறுத்திவிட்டது. மிட்சுபிஷியும் கிளம்பிவிட்டது. ரசிகர்கள் விரும்பும் வண்டிகளில் பாதி, ஊரைவிட்டுப் போன கம்பெனிகளுடையது. பயம் நியாயம்தான், ஆனால் அந்தப் பயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓடுவதற்கான சாமான்கள் பெரும்பாலும் பிரச்னை தருவதில்லை. கார் கம்பெனி கிளட்ச் பிளேட்டைத் தானே செய்வதில்லை. வாலியோ போன்றவர்கள் செய்கிறார்கள். பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, ஸ்டீயரிங் சாமானுக்கு ரானே என்று சென்னையிலேயே வேர்விட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. இவர்கள் சரக்கு வெளிச்சந்தைக் கடைகளிலும் கிடைக்கிறது. டீசல் ஃபியட் வைத்திருப்பவருக்கு இன்னொரு அதிர்ஷ்டம் உண்டு. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் என்ஜின்தான் ஸ்விஃப்ட், டிசையர் டீசல்களிலும் ஓடியது. தேசிய டீசல் என்ஜின் என்றே கிண்டலாகப் பெயர் வாங்கியது. ஊருக்கு ஊர் அதைப் பிரித்துக் கோர்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார்.

தலைவலி வெளி உடம்புச் சாமான்களில்தான். ஹெட்லைட், பம்பர், கண்ணாடி, டோர் பீடிங், பவர் விண்டோ சுவிட்ச். இவை அந்த ஒரு மாடலுக்கே உரியவை. கம்பெனி நிறுத்தினால் ஊற்று வற்றும். அப்போது போக வேண்டிய இடம் புதுப்பேட்டை. சென்னையில் கூவம் கரையை ஒட்டிய அந்தத் தெருக்களில், கதவுகள் ஒரு பக்கம், என்ஜின்கள் ஒரு பக்கம், பல்லைக் காட்டும் கிரில்கள் ஒரு பக்கம் என்று கார்கள் உறுப்பு உறுப்பாக அடுக்கியிருக்கும். கோவைக்காரர்களுக்கு உக்கடம். மாடல், வருடம், முடிந்தால் கழற்றிய பழைய சாமான், மூன்றையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் முதலில் சொல்லும் விலைக்கு வாங்கிவிட்டால் அவரே உங்களைப் பார்த்துச் சங்கடப்படுவார்.

ஃபோர்டு வாங்கலாம், ஃபியட்டும் வாங்கலாம். ஆனால் வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். உங்கள் ஊரில் அந்த வண்டியைத் தொடுகிற ஒரு நல்ல கை இல்லையென்றால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஊரிலேயே வேலை தெரிந்தவர் இருக்கும் ஸ்விஃப்ட், 200 கிலோமீட்டர் தள்ளி ஆள் தேட வேண்டிய செடியாவைவிட அதிக நாள் ரோட்டில் ஓடும்.

தண்ணி பார்த்த வண்டிகள்

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். இரண்டிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் பார்க்கிங்கிலேயே மூழ்கின. சரிசெய்வது கட்டாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முழு இழப்பாகக் கணக்கு முடித்த வண்டிகள் ஏலத்துக்குப் போவது வழக்கம். ஏலத்தில் எடுத்துக் கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி, வேறு மாவட்டத்தில் நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியும்?

தெரியும். சீட் பெல்ட்டை முழுசாகக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். சீட்டின் அடித்தண்டவாளம், போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் படிந்த வண்டல், கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாசம், ஹெட்லைட்டுக்குள் மங்கிய நீர்க்கோடு எல்லாம் சாட்சிகள். வாசனைப் பொருளைத் தொங்கவிட்டு வரவேற்கிற வண்டியில் கூடுதல் சந்தேகம் தேவை. தண்ணீர் குடித்த வயரிங் உடனே சாகாது. ஒரு வருடம் கழித்து ஒரு சென்சார், அப்புறம் ஏர்பேக் விளக்கு, அப்புறம் என்ஜினின் கணினியான இ.சி.எம். என்று தவணை முறையில் பழிவாங்கும். என்ஜின் போனால்கூட மாற்றிவிடலாம். வயரிங் போன வண்டியோடு குடித்தனம் நடத்த முடியாது.

பெட்டிச் செய்தி: பார்க்கப் போகும்போது

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். “நீங்க வர்றீங்கன்னு சூடு பண்ணி வெச்சிருக்கேன்” என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடிக்கு அடியில் மோர்போன்ற படிவு இருந்தாலும் அதே சந்தேகம்.

பானட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் தடம் தெரிந்தால் கழற்றி மாட்டிய வண்டி. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடம்பில் ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கலாம்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள், பெடல் ரப்பரையும் ஸ்டீயரிங் தோலையும் நம்புங்கள். 40,000 ஓடிய வண்டிக்கு வழுக்கை விழுந்த கிளட்ச் பெடல் இருக்காது.

விற்பவர் வண்டியின் குறையைத் தானாகச் சொன்னால் அவரோடு இன்னும் பத்து நிமிடம் பேசுங்கள். நல்ல வண்டிகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களிடம்தான் இருக்கின்றன.

பேர் மாத்தலைன்னா...

வண்டி கை மாறும், பணம் கை மாறும், ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறாது. இது நம் ஊர்ப் பழக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில். படிவம் 29, படிவம் 30. கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கட்டாயம்.

செய்யாவிட்டால் என்ன? 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் கார் கை மாறிக் கை மாறிப் போயிருந்தது, பதிவு மட்டும் முதல் ஆள் பெயரிலேயே இருந்தது. 2009-ல் விபத்து, ஓர் உயிர் போனது. நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு, பதிவில் பெயர் இருப்பவருக்கே என்று தீர்ப்பு வந்தது. விற்பவர்களே, பெயர் மாறும்வரை அந்த வண்டி உங்களுடையதுதான். வாங்குகிறவர்களுக்கும் ஒரு சேதி. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளில் விண்ணப்பிக்க வேண்டும்.

டெல்லி வண்டி ஆசை பலருக்கு உண்டு. தலைநகர்ப் பகுதியில் பத்து வருட டீசலுக்கும் பதினைந்து வருட பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு வந்ததால் அங்கே விலை சரிந்தது உண்மை. ஆனால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டுச் சாலை வரி, அங்கிருந்து ஓட்டி வரும் செலவு எல்லாம் கூட்டினால் பாதிப் பேருக்கு ஆசை அடங்கிவிடும்.

இருபது வயதும் இருபது சதவிகிதமும்

15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்தைந்து வருடத்துக்கு ஒருமுறை. 2022 ஏப்ரலுக்கு முன் இந்தக் கட்டணம் 600 ரூபாய். அப்போது 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட் முதல் 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000. இதோடு பசுமை வரி, எஃப்.சி.க்காகப் பார்க்கும் வேலைகள். ஐகான், சிட்டி விடெக், முதல் வருட ஸ்விஃப்ட் எல்லாம் இந்த வயதுக்கு வந்துவிட்டன. ஒரு லட்ச ரூபாய் வண்டிக்கு இது சின்னத் தொகை இல்லை.

இப்போது எல்லோரும் பேசுவது 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெரும்பாலான கார்கள் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. மைலேஜ் குறையும் என்பதை மத்திய அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய வண்டிகளில் 3 முதல் 6 சதவிகிதம் என்று பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. என்ஜின் வெடித்துவிடாது. ஆனால் வயதான ரப்பர் ஹோஸ்களும் கேஸ்கெட்டுகளும் சீக்கிரம் தளரும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. எனவே வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம். ஃபியூயல் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள், வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

எங்கே ஓட்டுவது?

ஈ.சி.ஆரில் இல்லை. அது மீனவக் கிராமங்களும் பள்ளிக்கூடங்களும் இருக்கும் ரோடு. வேகம்தான் வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் முறையான டிராக்குகள் இருக்கின்றன. மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரையே உருவாக்கிய ஊர் கோவை. சின்ன என்ஜினில் பெரிய சுகம் என்பது நமக்குப் புதுசே இல்லை.

சைலன்சரை மாற்றிக் காதைக் கிழிப்பதும் வண்டி ரசனை ஆகாது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

சரி, எந்த வண்டி? முதல்முறை வாங்குகிறவர் என்றால் ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல், வேறு யோசனையே வேண்டாம். சாமான் தெருவுக்குத் தெரு கிடைக்கும், திருப்பி விற்றாலும் கை சுடாது. நெடுந்தூரம் போகிறவருக்கு ஃபிகோ 1.5 டீசல். கைக்கு எட்டும் தூரத்தில் நல்ல மெக்கானிக் இருந்தால் ஐகான் 1.6. பாலியோ, செடியா, அபார்த் மூன்றும் வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவர்களுக்கு. டி.எஸ்.ஜி. போலோவை, அதன் கியர்பாக்ஸுக்கென்று ஒன்றரை லட்சம் ரூபாய் வங்கியில் தனியாகக் கிடந்தால் மட்டும் பாருங்கள். இல்லையென்றால் நண்பருடையதை ஒருமுறை கேட்டு வாங்கி ஓட்டிவிட்டு, டேங்க்கை நிரப்பித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.